முதுகுப் பக்கம்

லவினியா கத்தரிக்கோலைத் தம்பியின் மணிக்கட்டிலிருந்து தோள்வரை ஓட்டினாள். நீலக் கம்பளிக் கோட்டு. ரத்தம் காய்ந்த இடங்களில் துணி மரப்பட்டை போல விறைத்திருந்தது. கத்தரி அங்கங்கே சிக்கியது. சிக்கிய இடத்தில் நிறுத்தி, விரலால் துணியைத் தூக்கிவிட்டு, மறுபடி வெட்டினாள்.

"குடுங்க மிஸ் லவினியா, நான் வெட்டறேன். நீங்க போய்க் கொஞ்சம் தண்ணியாவது குடிங்க," என்றாள் டார்கஸ்.

"வேண்டாம். நீ தலையைப் பிடிச்சுக்க."

டார்கஸ், சார்ஜென்ட் டூமரின் மனைவி. கோட்டையின் சலவைக்காரிகளுக்கெல்லாம் தலைவி மாதிரி. காலை ஒன்பது மணிக்கு வெடிச் சத்தம் கேட்டதும் முழங்கை வரை சோப்பு நுரையோடு ஓடி வந்தவள், இன்னும் அதைக் கழுவவில்லை. கறுத்த கைகளில் நுரை வெள்ளையாகக் காய்ந்து ஒட்டியிருந்தது. அதிகாரிகளின் மனைவிமார் மூன்று பேர் வாசல்வரை வந்தார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து ஆள் அனுப்பிக் கழுவிக் கிடத்தச் சொல்கிறோம் என்றார்கள். லவினியா நன்றி சொல்லிக் கதவைச் சாத்திவிட்டாள்.

எட்மண்ட் சாப்பாட்டு மேசைமேல் கிடந்தான். அவனைவிட மேசை நீளம் குறைவு. குதிகால்கள் விளிம்புக்கு வெளியே நின்றன. அவளுக்கு ஏழு வயது இளையவன். அம்மாவுக்குப் பார்வை போன பிறகு அவனுக்குச் சோறு போட்டதும், பேன் பார்த்ததும், எழுத்துச் சொல்லிக்கொடுத்ததும் அவள்தான். இரண்டு வருடத்துக்கு முன் லெப்டினன்டாக இந்த ஃபோர்ட் லாரிமோருக்கு மாற்றல் வந்தபோது, "வீட்டைப் பாத்துக்க நீயும் வாக்கா, இங்க மண்ணும் பாம்பும்தான் இருக்கு," என்று கடிதம் எழுதி அழைத்துக்கொண்டான். மேற்கு டெக்சஸில் அவன் சொன்னதற்கு மேல் ஒன்றும் இருக்கவில்லை.

"திருப்பணும். ஒரு கை பிடி."

இரண்டு பேருமாக அவனை ஒருக்களித்தார்கள். லவினியா ஈரத்துணியால் முதுகைத் துடைத்தாள். இடது தோள்பட்டைக்குக் கீழே, முதுகெலும்பை ஒட்டி, ஒரு துளை. அவள் சுண்டுவிரல் நுனி கூட அதில் முழுதாக நுழையாது. முன்பக்கத்தில், கோட்டின் இரண்டாவது பொத்தான் இருந்த இடத்தில்தான் ஒரு கைப்பிடி அளவுக்குச் சதை பிய்ந்திருந்தது.

ஒஹையோவில் அப்பா சுட்டுக் கொண்டுவரும் மான்களைத் தோலுரித்தவள் அவள். பத்து வயதில் தொடங்கி இருபது வருடம். குண்டு எந்தப் பக்கம் நுழைந்தது என்று கேட்டால் தூக்கத்தில்கூடச் சொல்வாள்.

"பின்னாலேர்ந்து சுட்டிருக்கான்," என்றாள்.

டார்கஸ் எட்டிப் பார்க்கவில்லை. "எனக்குக் காலையிலேயே தெரியும். எங்க வீட்டுக்காரர் லாயத்து வாசல்ல நின்னு பாத்தாரு. லெப்டினன்ட் காகிதக் கட்டை எடுத்துக்கிட்டு ஆபீஸைப் பாக்க நடந்தாரு. கேப்டன் வைக்கோல் போருக்குப் பின்னாலேர்ந்து வந்தாரு. பேர் சொல்லிக்கூடக் கூப்பிடலயாம்."

"இதை மேஜர்கிட்ட சொன்னாரா?"

"சொல்லாம இருப்பாரா? போய் விறைப்பா நின்னு சொன்னாரு. மேஜர் எல்லாத்தையும் கேட்டுட்டு, 'சரி சார்ஜென்ட், போய்க் குதிரைங்களுக்குத் தண்ணி காட்டு'ன்னாராம்." டார்கஸ் உதட்டைச் சுழித்தாள். "கறுப்பு சார்ஜென்ட் வாயால வெள்ளைக் கேப்டன் கெட்டதா எங்கயாவது கேட்டிருக்கீங்களா?"

"அந்தக் காகிதம்?"

"விழுந்த இடத்துல ஒரு துண்டுகூட இல்ல."

அந்தக் காகிதத்தில் என்ன இருந்ததென்று லவினியாவுக்குத் தெரியும். நான்கு மாலை இந்த மேசையிலேயே உட்கார்ந்து எட்மண்ட் எழுதியது. கோபம் வந்தால் அவனுக்கு நாக்குத் திக்கும். அதனால் சண்டையைக்கூட எழுதித்தான் போடுவான். பிப்ரவரியில் கேப்டன் ராஸ்கோ ஜென்ட்ரி, எதிர்த்துப் பேசினான் என்று ஜோனாஸ் பீல் என்ற சிப்பாயை வண்டிச் சக்கரத்தில் மணிக்கட்டைச் சேர்த்துக் கட்டிவைத்தான். வடக்கிலிருந்து பனிக்காற்று அடித்த நாள். காலையில் கட்டியவனை மாலையில்தான் அவிழ்த்தார்கள். இரண்டு கையிலும் சேர்த்து பீலுக்கு இப்போது மூன்று விரல்கள். எட்மண்டின் புகார் இன்று நண்பகல் தபால் வண்டியில் தலைமையகத்துக்குப் போயிருக்க வேண்டும்.

பதினொரு மணிக்கு டாக்டர் ப்ரூட் வந்தார். சவப்பெட்டியும் கூடவே வந்தது. பிஸ்கட் வந்த பெட்டிகளின் பலகையை அடித்துச் செய்தது. அதைச் சுமந்து வந்த நான்கு சிப்பாய்களும் தாழ்வாரத்தில் இறக்கிவிட்டுத் தொப்பியைக் கழற்றி நின்றார்கள். டாக்டர் கையில் ஏற்கெனவே எழுதிய காகிதம் இருந்தது.

"வருத்தமா இருக்கு மிஸ் தேயர். ரொம்ப நல்ல பையன். இதுல ஒரு கையெழுத்துப் போட்டீங்கன்னா மத்த வேலையெல்லாம் நாங்க பாத்துக்கறோம்."

லவினியா வாங்கிப் படித்தாள். இரண்டு அதிகாரிகளுக்கு இடையே வாக்குவாதம். லெப்டினன்ட் ஆயுதத்தை எடுக்க முனைந்தார். கேப்டன் தற்காப்புக்காகச் சுட்டார். குண்டு மார்பில் பாய்ந்து மரணம்.

"அவன் துப்பாக்கி அதோ ஆணியில தொங்குது டாக்டர். இன்னிக்கு அவனுக்குக் காவல் முறை இல்ல. எடுத்துக்கிட்டுப் போகல."

டாக்டர் ஆணியைப் பார்க்கவில்லை.

"குண்டு மார்புல பாஞ்சுதுன்னு எழுதியிருக்கீங்க. நீங்க அவனைத் திருப்பிப் பாத்தீங்களா?"

"அவசியம் ஏற்படல. காயம் கண்ணுக்குத் தெரியற மாதிரி…"

"இப்ப திருப்பிப் பாருங்க."

"மிஸ் தேயர், வெயிலைப் பாருங்க. ஜூலை மாசம். நேரமாக ஆக என்ன ஆகும்னு உங்களுக்கே தெரியும்."

"தெரியும். அதனாலதான் சீக்கிரம் திருப்பிப் பாருங்கங்கறேன்."

அவர் கைப்பெட்டியை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார். ஐம்பது வயது மனிதர், நல்ல டாக்டர், இந்த வீட்டில் ஞாயிற்றுக்கிழமைகளில் சாப்பிட்டிருக்கிறார்.

"பீலோட விரலை வெட்டினது நீங்கதான்," என்றாள் லவினியா. "பதிவேட்டுல என்ன எழுதினீங்க? பனிக்கடின்னு எழுதினீங்க. எட்மண்ட் எனக்குக் காட்டினான். சக்கரம்னு ஒரு வார்த்தை அதுல இல்ல."

டாக்டர் காகிதத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

அவர் போன திசையில் பார்த்தபோது அணிவகுப்பு மைதானத்துக்கு அந்தப் பக்கம் ஜென்ட்ரியின் வீடு தெரிந்தது. வாளை வாங்கிக்கொண்டு வீட்டுக்காவலில் வைத்திருப்பதாகச் சொன்னார்கள். கேப்டன் தன் தாழ்வாரத்தில் உட்கார்ந்து, கம்பிமேல் காலைத் தூக்கிப் போட்டுச் சுருட்டுப் பிடித்துக்கொண்டிருந்தான். புகை நேராக மேலே போனது. காற்று துளிகூட இல்லை.

நண்பகலுக்கு மேல் மேஜர் கிம்ப்ரோ வந்தார். கோட்டைக்கு அவர்தான் தலைவர். ஓய்வுக்கு இன்னும் இரண்டு வருடம். வெயிலில் முகம் சிவந்து, கழுத்துப்பட்டை நனைந்திருந்தது. உட்காரச் சொல்லாமலே உட்கார்ந்தார்.

"நான் சுத்தி வளைக்கல மிஸ் தேயர். ஜென்ட்ரி என்ன சொல்றான்னு உங்களுக்குத் தெரியணும். உங்க தம்பி அவன் மனைவிகிட்ட முறையில்லாம நடந்துக்கிட்டதா சொல்றான்."

அடுப்படியில் நின்ற டார்கஸ் 'ஹம்' என்று ஒரு சத்தம் செய்தாள்.

"நான் அதை நம்பறேன்னு சொல்லல," என்றார் மேஜர். "ஆனா விசாரணைன்னு வந்தா அவன் அதைத்தான் சொல்வான். இந்த நாட்டுல எந்த ஜூரியும், எந்த அதிகாரியும், பொண்டாட்டி மானத்துக்காகச் சுட்டவனைத் தண்டிச்சதில்ல. பத்திரிகையில வரும். உங்கம்மா படிப்பாங்க. அதுக்குப் பதிலா, வாக்குவாதத்துல நடந்து போச்சுன்னு முடிச்சுடலாம். முழு மரியாதையோட அடக்கம். மூணு வேட்டு. வீட்டைக் காலி பண்ண நீங்க கேக்கற நாள் வரைக்கும் டைம் தரேன்."

"எங்கம்மாவுக்குக் கண்ணு தெரியாது மேஜர். எது வந்தாலும் நான்தான் படிச்சுக் காட்டணும்."

மேஜர் கைக்குட்டையை எடுத்துக் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

"நான் எதைப் படிச்சுக் காட்டறதுன்னு யோசிச்சுட்டேன். டாக்டர் வந்து இவனைத் திருப்பி, பாத்ததை எழுதி, கையெழுத்துப் போடணும். அதுவரைக்கும் இவன் இந்த மேசையிலதான் இருப்பான். பெட்டிக்கு ஆணி அடிக்க விடமாட்டேன்."

"நாலு பேரை அனுப்பித் தூக்கச் சொல்ல என்னால முடியும்."

"முடியும். அனுப்புங்க. எந்தக் கம்பெனி ஆளுங்களை அனுப்புவீங்க? ஜோனாஸ் பீலோட கம்பெனியையா?"

மேஜர் தாழ்வாரத்தில் நின்ற நான்கு பேரையும் பார்த்தார். நான்கு பேரும் நேராக எதிரே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நால்வரும் பீலின் படைப்பிரிவான அந்தக் கம்பெனிதான். ஜென்ட்ரியின் கீழ் இருப்பவர்கள். அவர் எழுந்து தொப்பியைப் போட்டுக்கொண்டார்.

"சாயங்காலத்துக்குள்ள நீங்களே கூப்பிட்டனுப்புவீங்க," என்றார். கோபமாகச் சொல்லவில்லை, களைப்பாகத்தான் சொன்னார்.

அவர் எதை நம்பிச் சொன்னார் என்று அவளுக்குப் புரிந்தது. வெயில் அவர் பக்கம் இருந்தது. ஈக்கள் ஏற்கெனவே வந்துவிட்டன. அவள் விசிறியை எடுத்துக்கொண்டு தம்பியின் தலைமாட்டில் உட்கார்ந்தாள். மணி ஒன்று. இரண்டு. அறை அடுப்புப் போலக் காய்ந்தது. முதல் வாடையை அவள்தான் உணர்ந்தாள். உணர்ந்ததைக் காட்டிக்கொள்ளாமல் விசிறினாள். அவனுக்கு இப்படிச் செய்கிறோமே என்று நினைத்தாள். கூப்பிட்டனுப்பிவிடலாமா என்றுகூடத் தோன்றியது.

டார்கஸ் எப்போது வெளியே போனாள் என்று தெரியவில்லை. திரும்பி வந்தபோது அவளோடு ஆறு சலவைக்காரிகள். ஒவ்வொருத்தி கையிலும் ஒரு வாளி. தோளில் படுக்கை விரிப்புகள். ஆற்றிலிருந்து நனைத்து எடுத்து வந்திருந்தார்கள். யாரும் எதுவும் கேட்கவில்லை. ஜன்னலில் ஒன்று, கதவில் இரண்டு, மேசையைச் சுற்றிக் கயிறு கட்டி நாலு பக்கமும் என்று ஈரத் துணிகளைத் தொங்கவிட்டார்கள். ஒன்றை நாலாக மடித்து எட்மண்ட் மேல் கழுத்துவரை போர்த்தினார்கள். தரையில் தண்ணீர் சொட்டியது. கொஞ்ச நேரத்தில் அறை குளிர்ந்தது. ஒரு விரிப்பு காய்வதற்குள் அடுத்த வாளி வந்தது.

"இவ்வளவு விரிப்பு ஏது?" என்றாள் லவினியா.

"இன்னிக்கு அதிகாரிங்க வீட்டுத் துணி தோய்க்கற நாளு. எல்லாம் கொடியில கிடந்துச்சு." டார்கஸ் ஒரு விரிப்பின் மூலையை இழுத்துச் சரிசெய்தாள். "ராத்திரி எல்லாரும் வெறும் மெத்தையில படுக்கட்டும். ஒண்ணும் செத்துட மாட்டாங்க. இது மேஜர் வீட்டுது. பாருங்க, ஓரத்துல பூ வேலை."

காலையிலிருந்து முதல்முறையாக லவினியாவின் உதடு அசைந்தது. சிரிப்பாகவும் இருக்கலாம், வேறாகவும் இருக்கலாம்.

நான்கு மணி இருக்கும். வெளியே திடீரென்று பேச்சு நின்றது. வாளி தூக்கி வந்த பெண்கள் அப்படியே நின்றார்கள். லவினியா ஈர விரிப்பை விலக்கிப் பார்த்தாள்.

ஜென்ட்ரியின் மனைவி மைதானத்தின் நடுவே வந்துகொண்டிருந்தாள். அதிகாரிகளின் மனைவிமார் எப்போதும் மைதானத்தைச் சுற்றித்தான் போவார்கள், மர நிழலில், தொப்பியும் குடையுமாக. அடீலியா தலையில் எதுவும் இல்லாமல், கையில் எதுவும் இல்லாமல், கொடிமரத்தைத் தாண்டி நேராக வந்தாள். இருபத்துமூன்று வயதுக்கு மேல் இருக்காது. பின்னால் அவள் கணவன் கம்பியிலிருந்து காலை எடுத்துவிட்டு எழுந்து நின்றான். "அடீலியா," என்று கூப்பிட்டான். அவள் திரும்பவில்லை. காவல் நின்ற சிப்பாய் அவனைப் படி இறங்கவிடவில்லை.

அடீலியா லவினியாவின் தாழ்வாரத்துப் படியில் வந்து நின்றாள். பேச்சு வருவதற்கு முன் மூச்சு வரவேண்டியிருந்தது.

"உள்ள வரலாமா?"

லவினியா வழிவிடவில்லை. "எதுக்கு?"

"உங்க தம்பி என்கிட்ட இந்த ரெண்டு வருஷத்துல குட் மார்னிங் தவிர வேற ஒண்ணும் பேசினதில்ல. அதுவும் சில நாள் பாதியிலயே திக்கிடும்." அவள் சத்தமாகத்தான் பேசினாள். தாழ்வாரத்தில் நின்றவர்கள் எல்லாருக்கும் கேட்டது. "காலையில என் வீட்டுக்காரர் கெளம்பும்போது என்ன சொன்னார்னு எனக்குத் தெரியும். 'அந்தக் காகிதம் வண்டி ஏறாது'ன்னு சொன்னார். என் பேரைச் சொல்லல. நான் அவர் ஞாபகத்துலயே இல்ல. மத்தியானம் மேஜர் எங்க வீட்டுக்கு வந்து பேசினபோதுதான் என் பேர் வந்துச்சு."

லவினியா விரிப்பைத் தூக்கிப் பிடித்தாள். அடீலியா குனிந்து உள்ளே வந்தாள். மேசையருகே வந்ததும் நின்றுவிட்டாள். பிறகு தானாகவே விசிறியை எடுத்து, மத்தியானத்திலிருந்து லவினியா உட்கார்ந்திருந்த நாற்காலிக்கு எதிர்ப்பக்கம் நின்று விசிறத் தொடங்கினாள்.

சற்று நேரத்தில் மேஜரும் டாக்டரும் வேகமாக வந்தார்கள். மேஜர் வாசலிலேயே நின்றார்.

"மிஸஸ் ஜென்ட்ரி, வீட்டுக்குப் போங்க."

"போகல."

"நீங்க என்ன செய்யறீங்கன்னு உங்களுக்கே தெரியல. புருஷனுக்கு எதிரா மனைவி சொல்றது சாட்சியா நிக்காது. எந்தக் கோர்ட்டும் எடுத்துக்காது."

"கோர்ட்டுல நிக்காம போகட்டும்," என்றாள் அடீலியா. "நான் இங்க நிக்கறேன்ல, அதை எல்லாரும் பாத்துட்டாங்க. இனிமே என் மானத்துக்காகச் சுட்டேன்னு அவர் எப்படிச் சொல்வார்?"

ஒரு ஈரத் துணியிலிருந்து தண்ணீர் சொட்டியது. மேஜர் அந்தத் துணியைப் பார்த்தார். ஓரத்துப் பூ வேலையை அடையாளம் கண்டாரோ என்னவோ, பார்வையை எடுத்துக்கொண்டார்.

அப்போது டாக்டர் ப்ரூட் கைப்பெட்டியைக் கீழே வைத்தார். சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டார். "டார்கஸ், அந்தப் பக்கம் பிடிம்மா," என்றார்.

"டாக்டர்," என்றார் மேஜர்.

"ஒரு தடவை எழுதாம விட்டேன் சார். போதும்."

எட்மண்டைத் திருப்பினார்கள். டாக்டர் குனிந்து பார்த்தார். ஒரு மெல்லிய கம்பியை வைத்து அளந்தார். பிறகு லவினியாவிடம் மை கேட்டார். பழைய காகிதத்தைக் கிழிக்காமல், அதில் 'மார்பில்' என்ற சொல்லை அடித்துவிட்டு, அதன்மேல் 'முதுகில், பின்புறத்திலிருந்து' என்று எழுதி, ஓரத்தில் கையெழுத்துப் போட்டார். தற்காப்பு என்ற வரியையும் அடித்தார். அடித்தது அடித்ததாகவே தெரியட்டும் என்றார்.

நான்கு மாதம் கழித்து நடந்த விசாரணையில் ஜென்ட்ரிக்குத் தூக்கு இல்லை. படையிலிருந்து நீக்கிச் சிறைக்கு அனுப்பினார்கள். அதையும் பிறகு பாதியாகக் குறைத்தார்கள். அந்த அளவுக்காவது போனதற்கு அந்த அடித்தல்தான் காரணம் என்று சொல்லிக்கொண்டார்கள். சார்ஜென்ட் டூமரையும் அங்கே கூப்பிட்டுக் கேட்டார்கள். அதெல்லாம் பிறகு நடந்தது. அன்றைக்கு லவினியாவிடம் இருந்தது அந்த ஒரு காகிதம் மட்டும். மை காய்கிறவரை அதை ஊதிக்கொண்டே நின்றாள்.

"இனி ஆணி அடிக்கலாம்," என்றாள்.

ஐந்தரை மணிக்கு எடுத்தார்கள். கல்லறை மேட்டுக்கு அரை மைல். பெட்டியை வண்டியில் ஏற்ற வேண்டாம் என்று அந்த நான்கு சிப்பாய்களும் தோளிலேயே சுமந்தார்கள். எட்மண்டின் குதிரை, சேணத்தில் ஆளில்லாமல், பின்னால் வந்தது. அதை நடத்தி வந்தவர் ஜோனாஸ் பீல். யாரும் அவரை அனுப்பவில்லை. கடிவாளத்தை முழங்கையில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டு, குதிரைக்குப் பக்கத்தில் அதன் நடைக்கு நடந்தார்.

குழி மேட்டில் சுடும் அணி வரிசையாக நின்றது. மேஜர் லவினியாவைப் பார்த்தார்.

"மூணு வேட்டு," என்றார். மத்தியானம் பேரம் பேசிய குரல் இல்லை அது, கேட்கிற குரல்.

"வேண்டாம் மேஜர். இன்னிக்கு ஒண்ணு போதும்."

மேஜர் அணியிடம் துப்பாக்கியைத் தாழ்த்தச் சொன்னார். பாதிரி ஊரில் இல்லாததால் டாக்டரே பைபிளிலிருந்து படித்தார். மண் கல்லும் சுண்ணாம்புக் கட்டியுமாக இருந்தது. பெட்டிமேல் விழுந்தபோது சத்தம் போட்டது. லவினியா அழவில்லை. டார்கஸ் அழுதாள், அதற்கு நடுவே குழி வெட்டியவர்களை, "இன்னும் ஒரு அடி தோண்டியிருக்கக் கூடாதா, நரி வர்ற ஊரு," என்று திட்டினாள். பெரிய கல்லாகப் பார்த்து மேலே அடுக்கவைத்துவிட்டுத்தான் இடத்தைவிட்டு நகர்ந்தாள்.

திரும்பி வரும்போது அடீலியா எங்கே போவது என்று தெரியாமல் மைதானத்தின் ஓரத்தில் நின்றாள். அவள் வீட்டுத் தாழ்வாரம் காலியாக இருந்தது. உள்ளே கதவு ஒருமுறை திறந்து மூடியது.

"வா," என்றாள் லவினியா. "ஒரு கட்டில் காலியா இருக்கு."

இரண்டு பேரும் தாழ்வாரத்து பெஞ்சில் உட்கார்ந்தார்கள். காபி போட வேண்டும் என்று லவினியா நினைத்தாள், எழுந்திருக்கத் தோன்றவில்லை. உள்ளே டார்கஸ் துணிகளைக் கயிற்றிலிருந்து உருவி வாளியில் போடும் சத்தம். வெயில் சாய்ந்து, எதிர்வரிசை வீடுகளின் நிழல் மைதானத்தில் பாதிவரை வந்திருந்தது. லவினியா சட்டைப் பைக்குள் இருந்த காகிதத்தை வெளியிலிருந்தே ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டாள். அடுத்த தபால் வண்டி வியாழக்கிழமை. அதில் காகிதத்தை அனுப்புவதா, அதோடு தானும் ஏறிப் போவதா என்று யோசித்தாள். தானே கொண்டுபோவது நல்லது.

கொம்பு ஊதினார்கள். சூரியன் இறங்கும்போது கொடியை இறக்கும் நேரம் அது. அந்தச் சத்தம் கேட்டால் கோட்டையில் யார் எங்கே இருந்தாலும் எழுந்து நிற்க வேண்டும். லாயத்தில் சிப்பாய்கள் நின்றார்கள். கடை வாசலில் சீட்டாடியவர்கள் நின்றார்கள். வரிசை வீடுகளின் தாழ்வாரங்களில் அதிகாரிகளும் மனைவிமாரும் எழுந்து கொடிமரத்தைப் பார்த்து நின்றார்கள்.

அடீலியா பழக்கத்தில் பாதி எழுந்தாள். பக்கத்தில் லவினியா கையை மடியில் வைத்தபடி உட்கார்ந்தே இருந்தாள்.

எதிரே மேஜர் சல்யூட் அடித்தபடி, கொடியைப் பார்க்காமல் அவர்களைப் பார்த்தார்.

அடீலியா பாவாடையை ஒதுக்கிவிட்டு மறுபடி உட்கார்ந்தாள்.